பிள்ளைங்க குறைஞ்ச ஊர்ல பள்ளிக்கூடத்தை இணைக்கலாமா வேணாமா: ஊர்க்காரங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உங்க ஊர் ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளியில மொத்தமே பதினெட்டு பிள்ளைங்க, ரெண்டு டீச்சர்ல ஒருத்தர் பாதி நாள் மீட்டிங், டிரெயினிங்னு போயிடறாங்க, இந்த நேரத்துல "பக்கத்து ஊர் ஸ்கூலோட சேர்த்துடலாமே"ன்னு டீக்கடையில ஒரு பேச்சு கிளம்புது. அப்புறம் ஊர் ரெண்டா பிரியும். ஒரு பக்கம் "எங்க தாத்தா காலத்து பள்ளிக்கூடம், மூட விடமாட்டோம்", இன்னொரு பக்கம் "அங்க போனாலாவது நாலு எழுத்து ஒழுங்கா படிக்கும்". ரெண்டு பக்கமும் கோபம் நிறைய இருக்கும், கையில கணக்கு இருக்காது. அந்தக் கணக்கை எப்படிப் போடறது, யார்கிட்ட என்ன கேக்கறது, எதை எழுத்துல வாங்கறதுன்னு வரிசையா சொல்றேன். தமிழ்நாட்டு கிராமத்து அரசுப் பள்ளிகளை மனசுல வச்சுதான் எழுதறேன். பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கறவங்க, வார்டு உறுப்பினர், பெத்தவங்க, யாருக்கும் உதவும்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். இணைக்கறது தப்பும் இல்ல, சரியும் இல்ல. ரெஜிஸ்டர்ல எத்தனை பேருங்கறதை வச்சு மட்டும் முடிவு பண்ணினா தப்பாத்தான் போகும். புது பள்ளிக்கு எந்தப் பிள்ளை எந்த வழியில போகப்போகுதுங்கறதுதான் பாதி விஷயம், மீதி பாதி காகிதத்துல என்ன எழுதி வாங்கினீங்கங்கறது.

இது ஏன் இப்ப வருது

பிள்ளைங்க குறையறது நிஜம், யாரும் கதை கட்டல. தமிழ்நாட்டோட கருவுறுதல் விகிதம் 2020 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1.4, அதாவது ஒரு அம்மாவுக்கு ரெண்டு பிள்ளை கூட இல்ல. சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை பக்கம் மானாவாரி ஊர்கள்ல இருந்து திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் குடும்பத்தோட போனவங்க எத்தனை பேரு. வால்பாறை எஸ்டேட் லைன் வீடுகள் காலியாக காலியாக அங்க இருக்கிற பள்ளிகளும் காத்தாடுது. நாடு முழுக்கவே இந்த நிலைமைதான், 2020 தேசிய கல்விக் கொள்கையிலயே 2016-17 கணக்கை வச்சு சொல்லியிருக்காங்க, அரசு தொடக்கப்பள்ளிகள்ல 28 சதவீதத்துல 30 பிள்ளைங்களுக்கும் குறைவுதான், ஓராசிரியர் பள்ளி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேலன்னு.

2019ல பிள்ளைங்களே இல்லாத 46 பள்ளிகளை நூலகமா மாத்தப்போறோம்னு தமிழ்நாடு அரசு சொன்னப்ப பெரிய சத்தம் கிளம்புச்சு. 2025லயும் 200க்கு மேல அரசுப் பள்ளிகள்ல ஒரு அட்மிஷன் கூட இல்லன்னு செய்தி வந்துச்சு. நம்ம ஊர்ல பள்ளியை மூடறதுன்னாலே அரசியலாயிடும், ராஜாஜி காலத்துல மூடினதை காமராஜர் திறந்தார்னு பேசிப் பேசியே வளர்ந்தவங்க நாம. அதனால எந்த அரசாங்கமும் "மூடறோம்"னு வாயைத் திறந்து சொல்லாது. பூஜ்யம் ஆகற வரைக்கும் சும்மா இருந்துட்டு, அப்புறம் டீச்சரை வேற இடத்துக்கு மாத்தி, ஒருநாள் கேட்ல பூட்டு தொங்கும். இப்படி சத்தமில்லாம சாகறதுதான் இருக்கறதுலயே மோசமான முடிவு, ஏன்னா அதுல ஆர்டர் கிடையாது, ஆர்டர் இல்லன்னா வண்டி வசதியோ வேற உறுதிமொழியோ எதையும் யார்கிட்டயும் கேக்க முடியாது.

முதல் படி: வீடு வீடா தலை எண்ணுங்க

எமிஸ்ல, அதாவது கல்வித்துறையோட கம்ப்யூட்டர் பதிவுல, இருக்கிற எண்ணிக்கை பள்ளியில சேர்ந்த பிள்ளைங்க கணக்கு, ஊர்ல இருக்கிற பிள்ளைங்க கணக்கு இல்ல. ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு ரெண்டு பேர் சேர்ந்து தெருத்தெருவா போங்க, காலனியையும் தோட்டத்து வீடுகளையும் செங்கல் சூளை குடிசைகளையும் விடாம. பிறந்த குழந்தையில இருந்து பத்து வயசு வரைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. பேரு, பிறந்த வருஷம், எங்க படிக்குது, எதுல போகுது. அஞ்சு வயசுக்கு கீழ இருக்கறதுங்க கணக்கு அங்கன்வாடி டீச்சர்கிட்டயும் கிராம செவிலியர்கிட்டயும் ஏற்கனவே இருக்கும், கேட்டா காட்டுவாங்க.

இப்ப அதை மூணா பிரிங்க: நம்ம பள்ளியில படிக்கறவங்க, தனியார் ஸ்கூல் வேன்ல போறவங்க, குடும்பத்தோட வெளியூர்ல இருந்துட்டு ரேஷன் கார்டு மட்டும் இங்க வச்சிருக்கறவங்க. மூணாவதை அடிச்சிடுங்க, திருவிழாவுக்கு வர்ற பிள்ளைங்களை வச்சு பள்ளிக்கூடம் நடத்த முடியாது.

உதாரணத்துக்கு ஊர்ல சராசரியா வருஷத்துக்கு நாலு குழந்தைதான் பிறக்குதுன்னா, ஒரு வேன் கூட ஊருக்குள்ள வரலன்னாலும் அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து இருபது பிள்ளைங்கதான் உச்சம். அந்த இருபதுக்கு மேல எந்த சேர்க்கை பேரணியும் கொண்டு வராது. அதே, ஊர்ல அம்பத்தஞ்சு பிள்ளைங்க இருக்கு, பள்ளியில பதினெட்டு, வேன்ல முப்பத்தேழுன்னா கதையே வேற. முதல் ஊருக்கு பிரச்னை பிறப்பு, ரெண்டாவது ஊருக்கு பிரச்னை நம்பிக்கை. ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணு இல்ல, ஆனா வெளியில இருந்து பாக்கற ஆபீசருக்கு ரெண்டும் "18"தான்.

ரெண்டாவது படி: வேன்ல ஏத்தறவங்ககிட்ட பேசுங்க, சண்டை போடாதீங்க

இதை நிறைய பேர் செய்யறதே இல்ல. அரசுப் பள்ளியை காப்பாத்தறோம்னு கூட்டம் போடறவர் வீட்டுப் பிள்ளையே காலைல ஏழரைக்கு மஞ்ச வேன்ல போயிட்டு இருக்கும், அதை யாரும் கேக்கவும் மாட்டாங்க. கேலி பண்ணாம உக்காந்து கேளுங்க, ஏன் அனுப்பறீங்கன்னு. அநேகமா வர்ற பதில் இதுதான்: மூணு வயசுலயே எல்கேஜி எடுத்துக்கறாங்க, வாசல்ல வந்து ஏத்திட்டுப் போறாங்க, சாயங்காலம் வரைக்கும் பிள்ளை பத்திரமா இருக்கு நாங்க வேலைக்குப் போகலாம், இங்கிலீஷ் பேசுது, அப்புறம் குரலை இறக்கி, "இங்க டீச்சர் எப்ப இருப்பாங்கன்னே தெரியலைங்க".

கட்டடமோ பெயின்டோ ஸ்மார்ட் டிவியோ இந்தப் பட்டியல்ல இல்ல பாருங்க. மூணு வயசுப் பிள்ளையை யார் பிடிச்சாங்களோ அவங்ககிட்டயேதான் பத்து வயசு வரைக்கும் இருக்கும். அஞ்சு வயசுல போய் "ஒண்ணாப்பு சேருங்க"ன்னு கேட்டா லேட்டு. அதனால பள்ளி வளாகத்துலயோ பக்கத்துலயோ அங்கன்வாடி உயிரோட இருக்கா, மூணு நாலு வயசுப் பிள்ளைங்க அங்க நிஜமாவே உக்காந்திருக்காங்களான்னு பாருங்க, அடுத்த வருஷ அட்மிஷன் அங்கதான் இருக்கு.

இன்னொண்ணு, பெத்தவங்ககிட்ட எதைச் சொல்லி கூப்பிடறீங்கன்னு யோசிங்க. மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கு, காலேஜ் போற பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் வருதுன்னு போஸ்டர் அடிப்பாங்க. பெத்தவங்க ஏமாளி இல்ல, அதெல்லாம் ஆறாம் வகுப்புல இருந்து அரசுப் பள்ளியில படிச்சாதான்னு அவங்களுக்கே தெரியும், அஞ்சு வரைக்கும் வேன்ல அனுப்பிட்டு ஆறுல டவுன் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாத்திக்குவாங்க. ஒண்ணாம் வகுப்புக்கு இழுக்கணும்னா ஒண்ணாம் வகுப்புல என்ன இருக்குன்னு சொல்லணும். காலை உணவு இருக்கு, 2023 ஆகஸ்ட்ல இருந்து எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்தாச்சு, வேலைக்குப் போற அம்மாவுக்கு அது பெரிய விஷயம். மூணாம் வகுப்புப் பிள்ளையை நாலு பேர் முன்னாடி நிறுத்தி தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒரு பக்கம் வாசிக்க விடுங்க, அதுக்கு மேல விளம்பரம் கிடையாது. வாசிக்கத் தெரியலன்னா, சரி, அங்க இருந்துதான் ஆரம்பிக்கணும்.

மூணாவது படி: டீச்சர் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க

இணைப்புக்கு ஆதரவா சொல்ற பெரிய வாதம், "இணைச்சா வகுப்புக்கு ஒரு டீச்சர் கிடைப்பாங்க". கேக்க நல்லா இருக்கு. கல்வி உரிமைச் சட்டம் 2009 அட்டவணையைப் பாருங்க: ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் 60 பிள்ளைங்க வரை ரெண்டு டீச்சர், 61ல இருந்து 90 வரை மூணு, 91ல இருந்து 120 வரை நாலு, 121ல இருந்து 200 வரை அஞ்சு, 150 தாண்டினா தலைமையாசிரியர் தனி.

இப்ப உங்க பள்ளியில 18, பக்கத்து ஊர்ல 34ன்னு வைங்க. தனித்தனியா இருக்கறப்ப ரெண்டும் ரெண்டும் நாலு டீச்சர். இணைச்சா 52 பிள்ளைங்க, ரெண்டே டீச்சர். மீதி ரெண்டு பேர் பணி நிரவல்ல, அதாவது உபரி டீச்சரை ஆள் தேவைப்படற பள்ளிக்கு மாத்தறதுல, வேற ஒன்றியத்துக்குப் போயிடுவாங்க. அதே அஞ்சு வகுப்பு, அதே ரெண்டு பேர், ஆனா ஒரு ரூமுக்கு பிள்ளைங்க கூட, அதுல மூணுல ஒரு பங்குப் பேர் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வந்து களைச்சுப்போய் உக்காந்திருக்கும். லாபம் யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க. வகுப்புக்கு ஒரு டீச்சர்ங்கற பேச்சு நிஜமாகணும்னா சேர்ந்த பிறகு 121 பிள்ளைங்க வேணும். உங்க பக்கத்து ஊர்கள் மூணு நாலு சேர்ந்தாதான் அது நடக்கும், அவ்வளவு ஊர் சேரணும்னா தூரம் கூடும், வண்டி இல்லாம ஆகாது.

அதுக்காக சின்னப் பள்ளியே சொர்க்கம்னு சொல்ல வரல. எட்டு பிள்ளைங்க, அதுல நாலாம் வகுப்புல ஒரே ஒரு பொண்ணு, கூட விளையாட ஆள் இல்ல, ஒரு குரூப் வேலை செய்ய முடியல, இருக்கிற ஒரு டீச்சர் லீவு போட்டா அன்னிக்கு சாப்பாடு மட்டும்தான்னா அந்தப் பொண்ணு என்ன இழக்குதுன்னு உரக்கவே பேசணும். பத்துக்கு கீழ போன பள்ளியை வெறும் ஊர் மானத்துக்காக ஓட்டறது என்னைக் கேட்டா அநியாயம்.

காசு கணக்கும் ஒண்ணு இருக்கு. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து காசு போடற சமக்ர சிக்ஷா கல்வித் திட்டத்தோட விதிப்படி பள்ளி மானியம் 30 பிள்ளைங்க வரை வருஷத்துக்கு 10,000, 31ல இருந்து 100 வரை 25,000, அதுக்கு மேல 250 வரை 50,000 ரூபாய். உங்க பள்ளி 28ல நிக்குதுன்னா மூணு பிள்ளைங்க கூடினாலே மானியம் ரெண்டரை மடங்கு.

நாலாவது படி: வழியை நடந்து பாருங்க

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும்னா இதைச் செய்ங்க.

தமிழ்நாட்டு விதிப்படி ஒண்ணுல இருந்து அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கிற தூரத்துலயும், ஆறுல இருந்து எட்டுக்கு மூணு கிலோமீட்டர்லயும் பள்ளி இருக்கணும். நடக்கிற தூரம்ங்கறதை கெட்டியா பிடிச்சுக்குங்க. ஆபீஸ்ல மேப்ல நேர்கோடு போட்டு "எண்ணூறு மீட்டர்தானே"ன்னு சொல்லுவாங்க, நடுவுல ஓடையும் ரயில்வே லைனும் இருக்கறது அந்தக் கோட்டுக்குத் தெரியாது. அதே மாதிரி பள்ளியில இருந்து பள்ளிக்கு அளக்காதீங்க, ஊர்க்கோடியில இருக்கிற கடைசி வீட்டுல இருந்து அளங்க.

ஒரு ஆறு வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு, பை மாட்டி, காலைல எட்டு மணிக்கு கிளம்புங்க. பெரியவங்க பதினஞ்சு நிமிஷத்துல போற தூரத்துக்கு அது அரை மணி எடுக்கும், வழியில உக்காரும், ஓணான் பாக்கும். போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே போங்க. பைபாஸ் குறுக்க வருதா, அங்க சிக்னலோ சுரங்கப்பாதையோ இருக்கா, இல்ல லாரிக்கு நடுவுல ஓடணுமா. ஐப்பசி கார்த்திகையில ஓடைத் தண்ணி எதுவரைக்கும் ஏறும், தரைப்பாலம் எத்தனை நாள் மூழ்கும். கிணத்துக்கு கைப்பிடிச் சுவர் இருக்கா. டாஸ்மாக் கடை வழியில இருக்கா, சாயங்காலம் நாலரைக்கு அங்க எப்படி இருக்கும். நாய்ங்க. கருவேலங்காடு. கல்குவாரி டிப்பர். மலை ஊர்னா, தாளவாடி, பர்கூர் பக்கமெல்லாம் யானை எந்த மாசம் எந்தப் பக்கம் இறங்கும்னு ஊர்க்காரங்களுக்கு தெரியாததா, அதை எழுதி வைங்க. இந்த மாதிரி வெள்ளம், மண்சரிவு, ரோடு இல்லாத இடங்கள்ல தூர வரம்பையே குறைச்சு பள்ளி வைக்கணும்னு கல்வி உரிமை விதிகள்லயே இருக்கு, அது யாருக்கும் ஞாபகம் வராது, நீங்கதான் ஞாபகப்படுத்தணும்.

அடுத்தது, யாரும் கூட்டத்துல பேசாத விஷயம். வழி எந்தத் தெரு வழியா போகுது? காலனிப் பிள்ளைங்க மேலத்தெருவைத் தாண்டித்தான் புது பள்ளிக்குப் போகணும்னா, அந்தத் தெருவுல இதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கு, திருவிழா நேரத்துல என்ன நடக்கும், சைக்கிள்ல போனா இறங்கச் சொல்றாங்களா. ரெண்டு ஊருக்கும் நடுவுல பழைய பகை இருக்கா. அந்த ஊர்ல சத்துணவு யார் சமைக்கறாங்க, யார் சமைச்சதை யார் சாப்பிட மாட்டேங்கறாங்க. இதையெல்லாம் "நம்ம பக்கம் அப்படியெல்லாம் இல்லைங்க"ன்னு மழுப்பிட்டு இணைச்சா, ஆறு மாசத்துல காலனிப் பிள்ளைங்க நின்னுடும், ரெஜிஸ்டர்ல "நீண்டநாள் வருகை இல்லை"ன்னு மட்டும் இருக்கும். இந்தக் கேள்வியை பொதுக்கூட்டத்துல கேக்காதீங்க, அங்க யாரும் வாய் திறக்க மாட்டாங்க, அந்தத் தெரு அம்மாமார்கிட்ட தனியா போய் உக்காந்து கேளுங்க. பொம்பளைப் பிள்ளை வச்சிருக்கறவங்ககிட்டயும் அப்படியே.

பஸ் இருக்குன்னு சொன்னா டைம் கேளுங்க. காலை உணவு மணி அடிக்கறதுக்கு முன்னாடியே போட்டு முடிச்சிடுவாங்க. டவுன் பஸ் 9.10க்கு வருதுன்னா உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு மட்டும் தினமும் காலை சாப்பாடு கிடையாது. இந்த ஒரு விஷயத்தை எந்த இணைப்புப் பேச்சுலயும் யாரும் யோசிச்சு நான் பாத்ததில்ல. பஸ் பாஸ் இலவசம்தான், ஆனா பாஸை வச்சுக்கிட்டு பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் நிக்கிற ஏழு வயசுப் பிள்ளைக்கு அது என்ன பிரயோஜனம். விலையில்லா சைக்கிள் பதினொண்ணாம் வகுப்புக்குத்தான்.

அஞ்சாவது படி: மூடறதுக்கும் வச்சிருக்கறதுக்கும் நடுவுல என்னென்ன இருக்கு

பேச்சு எப்பவும் ரெண்டே முனையில நிக்கும், நடுவுல நாலஞ்சு வழி இருக்கு.

சின்னப் பிள்ளைங்களை மட்டும் இங்கயே வச்சுக்கறது ஒண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணாம் வகுப்பு உள்ளூர்லயே, நாலும் அஞ்சும் பக்கத்து ஊர்ல. ஒன்பது வயசுப் பிள்ளை நடக்கும், ஆறு வயசுப் பிள்ளை நடக்காது, அவ்வளவு எளிமையான காரணம். எனக்கு இருக்கறதுலயே பிடிச்சது இதுதான், ஆனா ஆபீஸ்ல இதுக்கு தனி ஃபைல் நகர்த்தணும்ங்கறதால "அப்படி வழக்கம் இல்லைங்க"ன்னு சொல்லுவாங்க. விடாதீங்க.

இன்னொண்ணு, டீச்சரைப் பகிர்ந்துக்கறது. ரெண்டு மூணு பள்ளி தனித்தனியா இருக்கும், டீச்சருங்க முறை வச்சு மாறி வருவாங்க, நூலகம், விளையாட்டு, ஆண்டுவிழா சேர்ந்து நடத்துவாங்க. கோத்தாரி கமிஷன் 1964-66லயே பள்ளித் தொகுப்புன்னு இதைச் சொல்லிட்டாங்க, அதையே 2020 கொள்கையும் திரும்ப எடுத்துச்சு. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏத்துக்கல, தொகுப்புங்கற பேர்ல கடைசியில மூடிடுவாங்கங்கற பயமும் நியாயமானதுதான். ஆனா ஒரு டீச்சர் லீவுன்னா பக்கத்து பள்ளியில இருந்து மாற்றுப்பணிக்கு ஆள் வரணும்னு வட்டாரக் கல்வி அலுவலர்கிட்ட கேக்கறதுக்கு எந்தக் கொள்கையும் தேவையில்ல.

மூணாவது, வண்டியோட முழு இணைப்பு. மலை ஊர்கள்ல உண்டு உறைவிடப் பள்ளி ஒரு வழி, ஆனா ஆறு வயசுப் பிள்ளையை ஹாஸ்டல்ல விடறதுன்னா நான் ரொம்ப யோசிப்பேன், வேற வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் அது.

வெளி மாநிலத்துல என்ன ஆச்சுன்னும் பாத்துக்குங்க. ராஜஸ்தான்ல 2014ல 17,000 பள்ளி பக்கம் ஒரே வீச்சுல இணைச்சாங்க, தூரமும் பிரச்னையும் தாங்காம ஒரு பகுதியை திரும்பப் பிரிக்க வேண்டி வந்துச்சு. உத்தரப் பிரதேசத்துல 2025 ஜூன்ல 50க்கு கீழ இருக்கிற பள்ளிகளை பக்கத்துப் பள்ளியோட ஜோடி சேர்க்கறோம்னு உத்தரவு போட்டாங்க, சீதாபூர் பிள்ளைங்க பேர்ல கேஸ் போச்சு, அலகாபாத் ஹைகோர்ட் தனி நீதிபதி ஜூலை 7ல தள்ளுபடி பண்ணினார், அப்பீல்ல சீதாபூருக்கு மட்டும் இப்போதைய நிலையே தொடரட்டும்னு இடைக்கால உத்தரவு வந்துச்சு, மாசக் கடைசியில அரசாங்கமே ஒரு கிலோமீட்டருக்கு மேல தூரம் இருந்தா இணைக்க மாட்டோம்னு இறங்கி வந்துச்சு. கோர்ட்டை மட்டும் நம்பி உக்காரக்கூடாது, அதே சமயம் சத்தம் போட்டா அரசாங்கம் இறங்கும், ரெண்டுமே இதுல இருக்கு.

ஆறாவது படி: காகித வேலை

பள்ளி மேலாண்மைக் குழு சும்மா கையெழுத்துப் போடற குழு இல்ல, கல்வி உரிமைச் சட்டத்தோட 21ஆம் பிரிவுல வர்ற அமைப்பு, முக்கால்வாசிப் பேர் பெத்தவங்க, பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடற வேலை அவங்களோடது. முதல்ல அந்தக் கூட்டத்துல தலைக்கணக்கு நோட்டையும் வழி வீடியோவையும் வச்சுப் பேசி தீர்மானம் எழுதுங்க. மினிட்ஸ் புக்ல வெத்துத்தாள்ல கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் எழுதற பழக்கம் பல இடத்துல இருக்கு, அதை மட்டும் விடவே விடாதீங்க, எழுதி முடிச்சு வாசிச்ச பிறகுதான் கையெழுத்து.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு வருஷத்துக்கு ஆறு வருது. புது அட்மிஷன் மார்ச்லயே ஆரம்பிச்சிடறதால ஜனவரி 26 கூட்டத்துக்கு தயாரா போறது நல்லது. ஆகஸ்ட் 1 அன்னிக்கு இருக்கிற எண்ணிக்கையை வச்சுதான் டீச்சர் பணியிடம் நிர்ணயிப்பாங்க, அதனால ஆகஸ்ட் 15 கூட்டத்துல போய் டீச்சர் வேணும்னு தீர்மானம் போட்டா பஸ் போன பிறகு கை காட்டற மாதிரிதான். தீர்மானத்துல "பள்ளியை மூடக்கூடாது"ன்னு ஒத்தை வரி எழுதாதீங்க. ஊர்ல இத்தனை பிள்ளைங்க, அடுத்த அஞ்சு வருஷத்துல இத்தனை பேர் வருவாங்க, கடைசி வீட்டுல இருந்து நடக்கிற தூரம் இவ்வளவு, வழியில இன்ன ஆபத்து, எங்க கோரிக்கை இதுன்னு எழுதுங்க. நகல் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், கலெக்டர்னு மூணு பேருக்கும் பதிவுத் தபால்ல போகட்டும்.

இணைப்புன்னு வாய்ப்பேச்சா மட்டும் வந்துட்டு இருந்தா தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்க பள்ளி சம்பந்தமா இணைப்பு முன்மொழிவு ஏதாவது நிலுவையில இருக்கா, இருந்தா நகல் கொடுங்க, அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனைன்னு நாலு கேள்வி. 30 நாள்ல பதில் வரணும். பதிலை விட முக்கியம், அந்த மனு போனதுல இருந்தே ஆபீஸ்ல உங்க ஊர் பேர் ஞாபகம் இருக்கும்.

ஏழாவது படி: சம்மதிக்கறதா இருந்தா என்ன வாங்கணும்

கணக்கெல்லாம் போட்டுப் பாத்து, பத்துக்கும் கீழதான், இனி கூடவும் வழியில்லன்னு தெரிஞ்சா இணைப்புக்கு சம்மதிக்கறது ஒண்ணும் தோல்வி இல்ல. ஆனா சும்மா தலையாட்டாதீங்க. பள்ளி இல்லாத சின்னக் குடியிருப்புப் பிள்ளைங்களுக்கு இலவசப் போக்குவரத்து ஏற்பாடு செய்யணும்னு விதியிலயே இருக்கு, சமக்ர சிக்ஷாவுலயும் தலைக்கு வருஷம் 6,000 ரூபாய் வரைக்கும் போக்குவரத்துக்கும் கூட்டிட்டுப் போற ஆளுக்கும் ஒதுக்க இடம் இருக்கு. பத்து பிள்ளைங்கன்னா 60,000, பள்ளி நடக்கிற பத்து மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 6,000, ஒரு ஷேர் ஆட்டோ பேசலாம். ஆனா மத்திய மாநிலச் சண்டையில இந்தத் திட்டத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி 2024-25ல நின்னுபோன கதை எல்லாருக்கும் தெரியும், அதனால "திட்டத்துல இருக்கு"ன்னு சொன்னா போதாது, இந்த வருஷம் எந்த மாசத்துல இருந்து, காசு யார் கைக்கு வரும், தாமதமானா ஆட்டோக்காரருக்கு யார் கொடுப்பாங்கன்னு எழுத்துல கேளுங்க. வண்டி ஓட ஆரம்பிச்ச பிறகுதான் டிசி வாங்குவோம்னு நிபந்தனை வைங்க. டிசி கொடுத்துட்டீங்கன்னா உங்க கையில ஒண்ணும் இருக்காது.

வண்டியில கூட வர்றதுக்கு ஊர்லயே ஒரு அம்மாவைப் போடச் சொல்லுங்க. காலை உணவு சமைக்கிற சுய உதவிக்குழு அம்மாவும் சத்துணவு உதவியாளரும் வேலை என்ன ஆகும்னு கேளுங்க, கிராமத்துல அது ரெண்டு மூணு குடும்பத்தோட அடுப்பு. புது பள்ளியோட மேலாண்மைக் குழுவுல உங்க ஊர் அம்மாமார் ரெண்டு பேராவது இருக்கணும், இல்லன்னா அங்க நடக்கறது உங்களுக்கு வதந்தியாத்தான் வந்து சேரும். கழிப்பறை எத்தனைன்னு போய் எண்ணுங்க. 34 பிள்ளைங்களுக்கு இருந்தது 52 பேருக்கும் போதுமான்னு கேக்க யாருக்கும் தோணாது.

எதிர்க்கறதா முடிவு பண்ணினா அதுக்கும் ஒரு வேலைத்திட்டம் வேணும். அடுத்த ஆகஸ்ட் 1க்குள்ள எண்ணிக்கை இவ்வளவு ஆகும்னு ஒரு இலக்கு, வேன்ல போற எந்தெந்த வீட்டுப் பிள்ளை திரும்பி வரும்னு பேரோட பட்டியல், முக்கியமா கூட்டத்துல முன்வரிசையில நிக்கறவங்க வீட்டுப் பிள்ளைங்க பேர் அதுல முதல்ல. அது இல்லாத எதிர்ப்பை ஆபீஸ்ல ரெண்டு நிமிஷத்துல கணக்குப் பண்ணிடுவாங்க.

எட்டாவது படி: இணைஞ்ச பிறகு முதல் வருஷம்

டிசி போட்ட பிள்ளைங்க எமிஸ்ல பொதுத் தொகுப்புல போய் நிக்கும், புது பள்ளி எடுத்துக்கற வரைக்கும் அங்கயேதான். ஜூன் ரெண்டாவது வாரமே உங்க ஊர்ப் பிள்ளைங்க எல்லாரையும் எடுத்துட்டாங்களான்னு பேர் பேரா சரிபாருங்க. அப்புறம் செப்டம்பர்லயும், பொங்கல் முடிஞ்சும் ஒரு தடவை. மழை மாசத்துல எத்தனை நாள் போகல, யார் நின்னுட்டாங்க, நின்ன பிள்ளை எந்தத் தெரு. நிக்கிறது எல்லாம் ஒரே தெருன்னா காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்ல, அன்னிக்கே போய் கேளுங்க.

கட்டடத்தை அப்படியே விட்டா ஒரு வருஷத்துல சீட்டு விளையாடற இடமாயிடும், கூரை ஓடுகளை யாராவது உருவிக்கிட்டுப் போவாங்க. நிறைய பள்ளி நிலம் ஊர்ப் பெரியவர் யாராவது வாய்வார்த்தையா கொடுத்தது, பத்திரம் இருக்காது, பூட்டு விழுந்த மறுநாளே பேரன் வந்து வேலி போடுவாரு. விஏஓகிட்ட அ-பதிவேட்டுல அந்த சர்வே நம்பர் யார் பேர்ல இருக்குன்னு இணைப்புக்கு முன்னாடியே பாத்து வைங்க. அங்கன்வாடியை அங்க கொண்டு வாங்க, இல்ல சாயங்காலம் பிள்ளைங்க உக்காந்து படிக்கிற இடமாவாவது ஆக்குங்க. அங்கதான் உங்க ஓட்டுச்சாவடியும் இருந்திருக்கும், அதை எங்க மாத்தறாங்கன்னும் கேட்டுக்குங்க.

கடைசியா ஒரு பொருள் இருக்கு, பெரும்பாலும் மறந்துடற பொருள்: சேர்க்கைப் பதிவேடு. ஊர்ல அறுபது எழுபது வருஷமா யார் யார் படிச்சாங்க, பிறந்த தேதி என்ன, என்ன ஜாதி, அப்பா பேர் என்னங்கற எல்லாம் அந்தத் தடி நோட்டுலதான் இருக்கு. பென்ஷனுக்கு வயசு நிரூபிக்கணும், பாஸ்போர்ட்ல தேதி தப்பா இருக்கு, ஜாதிச் சான்றிதழுக்கு அப்பா படிச்ச ஆதாரம் வேணும்னு வருஷாவருஷம் யாராவது தேடி வருவாங்க. அதை எந்தப் பள்ளிக்கு எந்தத் தேதியில ஒப்படைச்சாங்கன்னு கையெழுத்தோட ஒரு நகல் வாங்கி ஊராட்சி ஆபீஸ்ல வைங்க, முடிஞ்சா ஒப்படைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் தலைமையாசிரியர் அனுமதியோட ஸ்கேன் பண்ணி பென்டிரைவ்ல போட்டு அவர்கிட்டயே ஒண்ணு கொடுத்துடுங்க. பழைய கேட்ல பெயின்ட்ல ரெண்டு வரி எழுதி விடுங்க, சான்றிதழ் வேணும்னா இன்ன ஊர் பள்ளியில கேக்கணும்னு.